அடுத்த தரிப்பு அண்ணையும் உடனடிச் சிரிப்பும்

தோற்பதில் ‘அடுத்த தரிப்பு’ அண்ணையை வெல்ல நோர்வே முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது. ஒஸ்லோவில் தமிழர் கூடுகிற மண்டபம் எதுவானாலும், பிறந்தநாளோ கலியாணமோ பொங்கலோ, மனுசன் மேடை ஏறுவார், பகிடி சொல்லுவார், ஒரு ஈ எறும்பு கூடச் சிரிக்காது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்ப்போம். அவர் எங்களைப் பார்ப்பார். பிறகு ‘நன்றி, வணக்கம்’ என்று சொல்லிவிட்டு இறங்கி, வடை இருக்கிற பக்கம் போய்விடுவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எனக்கே மறந்துபோய்விட்டது. அவர் ட்ரிக் சாரதி. ட்ரிக் என்றால் ஒஸ்லோத் தெருக்களில் தண்டவாளத்தில் ஓடுகிற ட்ராம். நானும் அதே தொழில், அதே டிப்போ. ட்ரிக் நின்று ஆள் ஏற்றுகிற தரிப்பிடங்களின் பெயரை இப்போதெல்லாம் இயந்திரமே அறிவித்துவிடுகிறது. ஆனாலும் அண்ணைக்கு அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது. கதைத்துக்கொண்டிருக்கும் விசயத்தை விட்டு வேறு விசயத்துக்குப் போவதென்றால் முதலில் அறிவிப்பார்: “அடுத்த தரிப்பு, என்ரை முழங்கால் நோ.” மேடையிலும் அப்படித்தான். ஒரு பகிடி முடிந்ததோ இல்லையோ, “அடுத்த தரிப்பு” என்று மணி அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஏறாதவன் ஏறாதவன்தான்.

அவருடைய பாணிக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். முகத்தில் ஒரு சலனமும் இராது. மரணச் சடங்கில் நன்றியுரை சொல்கிறவர் போல நின்றுகொண்டு சொல்லுவார்:

“ஒரு ஆள் புதுச் சோபா வாங்கினவர். ஊத்தை படும் எண்டு பிளாஸ்ரிக் உறையைக் கழட்டேல்லை. மகள் பிறந்தா. படிச்சா. கலியாணமும் முடிஞ்சுது. உறை அப்பிடியே கிடக்கு. முதன்முதலா மருமோன் வீட்டை வந்தார். நாலு பெரியாக்களுக்கு முன்னாலை சோபாவிலை இருந்தார். நல்ல பிள்ளை. மன்னிப்புக் கேட்டார். அடுத்த தரிப்பு…”

அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தால் என்ன மாதிரிச் சத்தம் வரும், மருமகன் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பதையெல்லாம் நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகிடியைச் சொன்ன விழாவுக்கு மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரிலிருந்து வந்திருந்த ஒருவர், ரயிலேறி மலையெல்லாம் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். “அண்ணை, சப்பாத்தைக் கழட்டேக்கைதான் விளங்கினது!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். அண்ணைக்கு அதில் வெட்கமே இல்லை. “பகிடி எண்டால் பழஞ்சோறு மாதிரி ஐசே. ஒரு இரவு ஊறவேணும்” என்பார்.

ஊறட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவன் இரவு முழுக்க ஊறவிட முடியுமா?

இந்த நேரத்தில்தான் அல்வாத் தம்பி ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நகரின் நடுவே ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். ஊர்ப் பெயரைச் சொன்ன அன்றைக்கே எங்கள் ஆட்கள் அல்வா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் சந்தோசமாக ஏற்றுக்கொண்டார். அவர் மேடை ஏறும்போதே பாதிச் சிரிப்போடும் முழு வியர்வையோடும்தான் ஏறுவார். கை, கால், கண், வயிறு எல்லாம் சேர்ந்து பேசும்.

“நார்வேக்கு வந்த மொத நாளு ஓனரு சொன்னாரு, ‘ஏல, இந்த ஊர்ல மொதலாளி தொழிலாளி கெடையாது, எல்லாரும் சமம்’னு. செரின்னு அவரு நாக்காலில போயி உக்காந்தேன். ‘அம்புட்டுச் சமம் இல்லல’ன்னுட்டாரு!”

மண்டபம் அதிர்ந்தது. அவர் சொன்னதில் பாதி எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் நோர்வே என்பதை அவர் நார்வே என்பதே சிலருக்குப் பெரிய பகிடியாக இருந்தது. விளங்காததுக்கும் சேர்த்து அந்த இடத்திலேயே சிரித்தார்கள்.

இரண்டு பேரையும் பல மேடைகளில் பார்த்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். அல்வாத் தம்பியின் பகிடியில் அடி வாங்குவது எப்போதும் அல்வாத் தம்பிதான். அடுப்படியில் கை சுட்டுக்கொண்டதும், பனியில் விழுந்ததும், ஓனரிடம் ஏச்சு வாங்கியதும் அவரே. அடுத்தவன் விழுந்தால் சிரிக்க நமக்கு என்ன செலவு? அண்ணையின் பகிடியிலோ அடி வாங்குவது ‘ஒரு ஆள்’. பெயர் சொல்லமாட்டார். மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் உள்ளே திக்கென்றிருக்கும், ‘உவர் என்னைத்தான் சொல்லுறாரோ?’ எங்கள் எல்லார் வீட்டிலும் அந்தச் சோபா இருக்கிறது. சிரித்தால் ‘அது நான்தான்’ என்று கையெழுத்து வைத்த மாதிரி. யாழ்ப்பாணத்தான் அவ்வளவு லேசில் கையெழுத்து வைப்பானா? கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பான்.

இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக் கூடாது. “உது பகிடியோ? உது வெறும் சத்தம்” என்பார் அண்ணை. “அண்ணாச்சி சோக்கு சொல்லுதாரா, இல்ல எழவு சொல்லுதாரா?” என்பார் தம்பி. ஆனால் ஒருவர் மேடையில் நின்றால் மற்றவர் திரைக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்பார். ஒருநாள் தம்பி என்னிடம் மட்டும் சொன்னார், “அண்ணே, அந்த சோபா சோக்கு இருக்குல்லா? மறுநாளு வெங்காயம் வெட்டையில டக்குனு புரிஞ்சிட்டு. கண்ணுல தண்ணி ஊத்துது, வாய் சிரிக்கி. ஓனரு பயந்துட்டாரு.”

போன பொங்கலுக்குத்தான் விசயம் முற்றியது. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஒஸ்லோவுக்கு வெளியே, ட்ரிக் ஓடாத ஸ்ட்ரோம்மன் பக்கம் வசிப்பவர். சால்வை இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார். அவர் கூட்டத்தில் சபை அறியச் சொன்னார், “இந்த முறை பகிடிக்கு அல்வாத் தம்பி போதும். அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கடை பகிடிக்கு ஒருத்தரும் சிரிக்கினமில்லை. சனம் பாவம்.”

அண்ணை எழும்பினார். முகத்தில் அதே மரணச் சடங்கு. “தலைவர், கடைசியா ஒருக்கால் தாங்கோ. ஒருத்தர், ஒரே ஒருத்தராவது, அந்த இடத்திலேயே சிரிக்காட்டில், இனி மேடைப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டன்.” தலைவர் அரைமனதோடு தலையாட்டி, அவருக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார்.

டிப்போவுக்கு வந்த பிறகு நான் வாய் பொறுக்காமல் ஏசினேன். “உங்களுக்கென்ன விசரோ? தோக்கப்போறது தெரிஞ்சும் ஏன் சபதம் போட்டனீங்கள்?”

அண்ணை கோப்பியை ஆற்றிக்கொண்டு சொன்னார், “தம்பி, நீயும் ட்ரிக் ஓடுறனி. உனக்குத் தெரியும். நாள் முழுக்கச் சனம் எங்கடை முதுகுக்குப் பின்னாலைதான் இருக்கும். ஏறுதுகள், இறங்குதுகள், ஒரு முகம் தெரியாது. மேடையிலை மட்டும்தான் சனம் எனக்கு முன்னாலை இருக்கு. சிரிக்காட்டிலும் முகம் தெரியுது.”

இந்த மனுசனிடம் மேடையைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று முதன்முறையாகப் பயந்தேன்.

பொங்கல் விழாச் சனிக்கிழமை. இரவிரவாகக் கொட்டிய பனி தெருவின் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது. அண்ணைக்குப் பின்னேரம் வரை வேலை. முடித்துவிட்டு நேரே மண்டபத்துக்கு வருவதாகத் திட்டம். நானும் அல்வாத் தம்பியும் விழாவுக்குப் போக அவருடைய ட்ரிக்கிலேயே ஏறி, சாரதி அறைக்குப் பின்னால் நின்றோம். பின்பக்கம் பட்டுச் சேலை மேல் குளிர்கோட்டுப் போட்ட மட்டக்களப்பு அக்கா ஒருவர், தன் கணவரோடு. மிச்சமெல்லாம் நோர்வேக்காரர். வழக்கம்போல இரட்டை இருக்கைக்கு ஒருவராக இருந்துகொண்டு, மற்றவர் உலகத்திலேயே இல்லை என்ற மாதிரி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

க்ருனர்லோக்கா என்கிற கடைத்தெருப் பகுதியில் ட்ரிக் நின்றது. முன்னால் ஒரு கார். பனிக் குவியலுக்கு இந்தப் பக்கம், பின்பகுதி தண்டவாளத்தில் இடிக்கிற மாதிரி நிறுத்தப்பட்டு, நாலு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. பின்கண்ணாடியில் ஒரு வேல். எதிரே தமிழ்க் கடை.

அண்ணை மணியை அடித்தார். கடைக்குள்ளிருந்து ஒருவரும் வரவில்லை. இன்னொரு முறை அடித்தார். ட்ரிக்கால் விலத்திப் போக முடியாது. பின்னால் போகவும் முடியாது. கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்தார். கார் தூக்கும் வண்டி வர நேரமாகும் என்றார்கள். சாரதி ட்ரிக்கை விட்டு இறங்கவும் கூடாது.

“அண்ணன், எங்கட மனுசன அனுப்புறன். கடைக்குள்ள போய் ஆளக் கூட்டிட்டு வருவார்” என்றார் மட்டக்களப்பு அக்கா. கணவர் உற்சாகமாக இறங்கிக் கடைக்குள் போனார். போனவர் போனவர்தான்.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, “நீங்கள் நடந்து போங்கோ. தலைவர் சொன்ன நேரம் போனால் போனதுதான். எனக்கு இனி மேடை இல்லை” என்றார். குரல் தழுதழுத்தது. நான் அதற்கு முன்னர் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

போட்டியில் வென்றுவிட்ட அல்வாத் தம்பி இறங்கிப் போயிருக்கலாம். அவர் சாரதி அறைக் கதவில் ஓங்கித் தட்டினார். “அண்ணாச்சி! என்ன வே பேசுதீரு? மேடை எதுக்கு? மைக்கு ஒம்ம கையிலதானே இருக்கு! ஆளு பின்னால நெறைய இருக்கு!”

“இவையள் நோர்வேக்காரர். சிரிக்கமாட்டினம்.”

“நம்மாளுவ மட்டும் சிரிச்சுக் கிழிச்சிட்டாவளோ? எடும் வே!”

அண்ணை ஒலிவாங்கியை எடுத்தார். நோர்வேஜிய மொழியில், அதே முகம், அதே மெதுவான குரலில் அறிவித்தார்:

“மதிப்புக்குரிய பயணிகளே. நமக்கு முன்னால் ஒரு கார் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இரண்டு நிமிடத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.” ஒரு நீண்ட மௌனம். “அவர் தமிழர். இரண்டு தமிழ் நிமிடத்துக்கு எத்தனை நோர்வே நிமிடம் என்று எங்கள் நிர்வாகம் இன்னும் அறிவிக்கவில்லை.”

ஒருவரும் அசையவில்லை.

“இப்போது அவர் வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்க்கிறார். முறிந்துவிட்டது. ஆகவே நல்ல காய். ஆகவே அதை வாங்கமாட்டார். அடியில் இதைவிட நல்ல காய் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. கதவுகளைத் திறந்துவிடுகிறேன். நடக்க விரும்புகிறவர்கள் நடக்கலாம். நானும் நடந்திருப்பேன். எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.”

பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பிடித்தபடி இருந்த ஒரு வயோதிப மாது, ‘ஹ்ம்’ என்று மூக்கால் ஒரு சத்தம் விட்டார். பிறகு தோள் குலுங்கியது. முன்னால் இருந்த இளைஞன் காதிலிருந்ததைக் கழற்றினான்.

“மேலதிகத் தகவல். அவரைக் கூட்டிவரப் போன நம்முடைய பயணியும் திரும்பவில்லை. இப்போது நாங்கள் இரண்டு பேரை இழந்திருக்கிறோம். அவருடைய மனைவி பின்னால் இருக்கிறார். தயவுசெய்து அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் தைரியமாக இருக்கிறார். அவர்தான் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னவர்.”

“ஐயோ அண்ணன், நான் மெதுவாத்தானே சொன்னேன், உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?” என்று அக்கா பின்னாலிருந்து கத்த, மொழி விளங்காவிட்டாலும் அந்த மனைவி யார் என்று விளங்கி, ட்ரிக் வெடித்தது. வெடித்தது என்றால் வெடித்ததுதான். நோர்வேக்காரர் பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! நடந்து போக இறங்கியவர்கள் திரும்பி ஏறினார்கள். தெருவில் போன ஒருத்தி, எங்கே போகிற ட்ரிக் என்றுகூடப் பாராமல் ஏறினாள்.

சாரதி அறைக் கதவு கொஞ்சம் திறந்தது. அண்ணை பயந்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். “தம்பி, பின்னாலை ஏதோ சத்தம் கேக்குது. ஆருக்கேனும் ஏதும் நடந்திட்டுதோ?”

“சிரிக்காவ அண்ணாச்சி!” அல்வாத் தம்பியின் கண் கலங்கிவிட்டது. “ஒம்ம சோக்குக்குத்தான் சிரிக்காவ! இந்த எடத்துலயே!”

கட்டுப்பாட்டு அறைக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. தொடர்புக் கருவியில் கேட்டார்கள், ட்ரிக்கில் என்ன பிரச்சினை என்று. பயணிகள் சிரிக்கிறார்கள் என்றார் அண்ணை. காயம் ஏதும் உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள்.

அப்போதுதான் கடைக் கதவு திறந்தது. முதலில் ஒரு கட்டு முருங்கைக்காய் வெளியே வந்தது. பிறகு ஒரு முழுக் கரும்பு. பிறகு ஒரு பட்டுச் சால்வை. சங்கத் தலைவர்! ஸ்ட்ரோம்மனில் தண்டவாளம் பார்த்துக் கார் நிறுத்திப் பழக்கமில்லாத மனுசன், விழாவுக்குக் கரும்பு மறந்துவிட்டதென்று ‘ரெண்டு நிமிசம் தானே’ என்று இறங்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால் மட்டக்களப்பு அக்காவின் கணவர், கறிவேப்பிலையோடு, பேசிய பேச்சு முடியாமல். ட்ரிக் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் தனக்கு ஏன் வரவேற்பு என்று விளங்காமல், பழக்கதோசத்தில் கும்பிட்டார்.

அண்ணை ஒலிவாங்கியில், “வெண்டைக்காய் கிடைக்கவில்லை போலிருக்கிறது” என்றார். அந்தப் பனிச்சறுக்கு மாது இருக்கையை விட்டே சரிந்துவிட்டார்.

ட்ரிக்கைக் கடைசித் தரிப்புவரை ஓட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் அண்ணை வரலாம். அல்வாத் தம்பி ஒரே பாய்ச்சலில் தலைவரின் காரில் ஏறினார். “நீரு வாற வரைக்கும் மேடைய நான் புடிச்சி வைக்கேன் அண்ணாச்சி” என்று கத்திக்கொண்டே போனார். நானும் கரும்பின் நுனி முகத்தில் குத்தக் குத்தப் பின்சீட்டில் போனேன்.

பிடித்து வைத்தார்! தனக்குத் தந்த நேரம் முடிந்தும் இறங்கவில்லை. ஓனரைப் போட்டார், குளிரைப் போட்டார், தன் தொப்பையைப் போட்டார், சரக்கு தீர்ந்த பிறகு பரோட்டா அடித்துக் காட்டினார். சட்டை நனைந்து பிழியலாம் போல் ஆனது. கண் மட்டும் கதவிலேயே இருந்தது.

கதவு திறந்து, தோளில் பனியும் உடம்பில் சாரதிச் சீருடையுமாக அண்ணை வந்தார். தம்பி ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினார், வழக்கம்போலக் கேட்க.

“ஒரு ஆள்,” என்று தொடங்கினார் அண்ணை. மண்டபம் உடனே கையைக் கட்டியது. “ஒரு ஆள் ரெண்டு நிமிசம் எண்டு காரைத் தண்டவாளத்திலை விட்டிட்டுக் கடைக்குப் போனவர்…”

அந்த மண்டபத்தில் ரெண்டு நிமிசம் என்று கார் விடாதவர் யார்? எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ட்ரிக்கில் கண்டது கனவோ, மனுசன் இஞ்சை தோற்கத்தான் பிறந்தவரோ என்று எனக்கு இருந்தது.

முன்வரிசையில் தலைவர் எழும்பினார். முகம் சிவந்து, உதடு துடித்து, கோபமோ என்று நாங்கள் நினைக்க, “ஐயோ, அது நான்தான்!” என்று கத்திவிட்டுச் சிரித்தார் பாருங்கள்! சால்வை நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. தலைவரே கையெழுத்து வைத்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன பயம்? மண்டபம் சிரித்தது. நடுவில் இருந்து ஒரு குரல்: “அண்ணை, அந்தச் சோபா எங்கடை!” இன்னொரு மூலையிலிருந்து: “இல்லை, எங்கடை!” பின்வரிசையில் ஒரு இளம் மாப்பிள்ளை கையைத் தூக்கி, “மன்னிப்புக் கேட்டது நான்!” என்றான். அவன் மாமியார் சிரித்த சிரிப்பில் கதிரை சரிந்தது. இத்தனை வருடமாக ஊறிக் கிடந்த பகிடியெல்லாம் ஒரே நேரத்தில் பொங்கிவிட்டது. பொங்கல் விழாவில் அன்றைக்கு உண்மையாகப் பொங்கியது அதுதான்.

அண்ணை அசையாமல் நின்றார். “அடுத்த தரிப்பு…” என்று தொடங்கினார். மேற்கொண்டு வரவில்லை. சீருடைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து என் காதில் சொன்னார், “சிரிப்பை முகத்தோடை சேத்துக் கேக்கேக்கை நல்லாத்தான் ஐசே இருக்கு.” பிறகு வடை இருக்கிற பக்கம் போனார். அங்கே அல்வாத் தம்பி அவருக்கென்று இரண்டு வடை எடுத்து வைத்திருந்தார்.

அண்ணை இப்போதும் ட்ரிக் ஓட்டுகிறார். பனிக் காலத்தில் எனக்கு வேலையில்லாத நாள்களில் அவருடைய ட்ரிக்காகப் பார்த்து ஏறி, சாரதி அறைக்குப் பின்னால் இருந்துகொள்வேன். முன்னால் எங்கேயாவது மஞ்சள் விளக்கு மினுங்கக் கார் ஒன்று நின்றால், மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நான் மட்டும், அந்தக் கார்க்காரருக்கு நல்ல வெண்டைக்காய் லேசில் அகப்படக் கூடாதென்று முருகனை வேண்டிக்கொள்வேன்.